எலி பிழைத்ததற்கு லட்டு கொடுத்த எங்கள் அத்தா

இறைவனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். எங்கள் தந்தை, நாங்கள் வாய் நிறைய அழைத்த அத்தா, மறைந்து ஓராண்டு நிறைகிறது. "என்னைப் பத்தி எழுதினா அழுவாச்சியா எழுதிடாத புள்ள" என்று அவர்களே ஒருமுறை சொல்லியிருப்பதால், சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

அத்தா பிறந்தது தரங்கம்பாடியில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, திருவிடைமருதூரில் தாய்மாமாவின் மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்தார்கள். கொஞ்ச காலம் வளைகுடாவில் கஷ்டப்பட்டுத் திரும்பி, அதே கடைவீதியில் சொந்தக் கடை போட்டார்கள். சீரகம், மிளகையெல்லாம் கடைசிவரை காகிதத்தில் பொட்டலம் கட்டித்தான் கொடுத்தார்கள். கை பாட்டுக்குக் கட்டும், வாய் பாட்டுக்குப் பேசும். ஜனங்கள் சாமான் வாங்க வந்தார்களா, அத்தாவின் பேச்சைக் கேட்க வந்தார்களா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

நான் வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூளைக் கட்டிக்கான மருந்தில் வேலை செய்கிறேன். ஒரு பெருநாளன்று அத்தாவுக்கு அதை விளக்கினேன். நம் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப, கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை வெளியே விடுகின்றன. அவற்றை எடுத்து, உள்ளே மருந்தை வைத்து, கட்டியைத் தேடிப்போய் ஒட்டும்படி மேற்புறத்தை மாற்றுகிறோம். அந்த மருந்து கட்டியைச் சுற்றிச் சும்மா கிடக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடும். வெறுமனே ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு முழுவதும் கிளர்ந்து ஆபத்தாகிவிடும். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரும் லேசில் உள்ளே விடாது. அதனால்தான் இந்தப் பை.

"அட, நீயும் பொட்டலந்தான் கட்டுறியா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

சுண்டெலிகளுக்குக் கட்டி சுருங்கியதை நான் போனில் சொன்ன அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு. "எலி பொழச்சிருச்சு! எம்மவ பொட்டலம் வேலை செய்யுது!" வயலில் எலித் தொல்லை தாங்காமல் எலிமருந்து வாங்க வந்திருந்த செல்வராசு அண்ணன் கையிலும் ஒரு லட்டு. "ஏன் பாய், என் நெல்லைத் தின்ன எலியா?" என்று அவர் கேட்க, கடைவீதியே சிரித்ததாம்.

அத்தா ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த மருந்து மனிதருக்கு இன்னும் வரவில்லை. சில மாதங்களில் செல்வராசு அண்ணனின் மனைவி மல்லிகா அக்காவுக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூர் டாக்டர்கள் உடனே ஆபரேஷன் என்றார்கள். அண்ணனோ அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். "பாய், தங்கச்சி கட்டுற பொட்டலத்துல ஒண்ணு வாங்கிக் குடுங்க. மண்டையத் தொறக்க வேணாம்."

அத்தா என்னைப் போனில் அழைத்தார்கள். அவ்வளவு சின்னக் குரலில் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. "ஒண்ணே ஒண்ணு அனுப்ப முடியாதாம்மா?"

"முடியாது அத்தா. எலியோடதான் நிக்குது. மனுசருக்கு வர வருசக்கணக்காகும், வராமலும் போகலாம். ஆபரேஷனைத் தள்ளிப்போட விடாதீங்க."

வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரம். அத்தா கடையைப் பூட்டிவிட்டு நேரே செல்வராசு அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். "மருந்து இல்ல செல்வராசு. நான்தான் பெருமையில கதை அளந்துட்டேன். கெளம்புங்க, நானும் வர்றேன்." அண்ணனுக்குக் கோபம் வந்தது, வராதா? மல்லிகா அக்காதான் எழுந்து புடவை மாற்றப் போனாராம். ஆபரேஷன், கதிர் சிகிச்சை எல்லாம் முடியும்வரை அத்தா கூடவே அலைந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைத்து நர்ஸிடம் திட்டும் வாங்கினார்கள்.

போன வருடம், கடையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்து அத்தா போய்விட்டார்கள். பேச்சைப் பாதியில் விட்டது அந்த ஒரு முறைதான்.

தோள் கொடுத்த ஜமாஅத்தாருக்கும், அடக்கத்தன்று கடைகளை அடைத்த வியாபாரிகளுக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரோடு உங்கள் கைக்கு வந்திருக்கும் பூந்திப் பொட்டலங்களைக் கட்டியவர் மல்லிகா அக்கா. பாய் கடைப் பொட்டலத்தை வேறு யாரும் கட்டக்கூடாது என்று பிடிவாதமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

கட்டிக்கொண்டே கேட்டார்: "ஒன் பொட்டலம் எந்த அளவுல இருக்கு பாப்பா?"

"இன்னும் எலியைத் தாண்டலக்கா."

"பரவால்ல. அவசரப்படாம நல்லாக் கட்டு. நான் இருக்கேன்."