பக்கிரி வீட்டு இரைச்சல்

தகரக் குழாயில் மரக்கட்டையால் இரண்டு தட்டு. ஒட்டியிருந்த மாவு பொலபொலவென்று தூக்குவாளியில் இறங்கியதும் பக்கிரி ஒருமுறை தலையை அசைப்பார். அரைத்தாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போகலாம் என்று பொருள். புருவத்தை உயர்த்தினால், நைசாகவா குருணையாகவா என்ற கேள்வி. உள்ளங்கையைக் காட்டினால், இப்போது மிளகாய் ஓடுகிறது, அரிசிக்காரர்கள் பொறுத்திருக்க வேண்டும். முதலியார்பேட்டையில் அவருடைய மாவு மில்லுக்கு வருகிற எல்லோருக்கும் இந்த மொழி தெரியும். பெல்ட் ஓடுகையில் வாய்ப்பேச்சு எடுபடாததால் வந்த பழக்கம், பெல்ட் நின்ற பிறகும் அவரை விட்டு நீங்கவில்லை. "பக்கிரிண்ணங்கிட்ட ஒரு வார்த்த வாங்கறதுக்குள்ள ஒரு மூட்ட அரிசிய அரைச்சிடலாம்" என்பார் பக்கத்துச் சைக்கிள் கடை பாவாடை. பக்கிரி அதற்கும் தலையைத்தான் அசைப்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் வீட்டிலிருந்த ஒரு கணினியின் இரைச்சல் கலங்கடித்தது.

மகள் கார்குழலி பிரான்சில் குடித்தனம். அவளுடைய பிரசவத்துக்கு உதவியாக மனைவி அஞ்சலாட்சி விமானம் ஏறிப் போயிருந்தார். செலவில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்று மருமகன் ஒரு கணினியை வாங்கி, மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டி வைத்திருந்தார். முகம் தெரிகிற ஏற்பாடு அதில் இல்லை, குரல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அது மணியடிக்கும். பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கிரியின் கணினிக் கல்வி அவ்வளவே. மில்லைச் சாத்திவிட்டு அதே சட்டையோடு வந்து அமர்வார். அங்கிருந்து அஞ்சலாட்சி பேசுவார். இங்கே பக்கிரி தலையை அசைப்பார்.

"அங்க என்னாய்யா சத்தம்? மில்லத் தூக்கியாந்து வூட்டுக்குள்ள வெச்சிட்டியா?"

தொடக்கத்தில் இது வெறும் கேலி. பேரன் பிறந்த பிறகு அதுவே சண்டையாகிவிட்டது. "கொழந்த தூக்கத்துல பதறிப் பதறி வீறிடுதுய்யா. இந்த உய்யினு கத்தறது நிக்கலன்னா இனிமே பேச்சு வாணாம். குழலி கம்ப்யூட்டர்ல எழுதி அனுப்பும். யாரையாவது வெச்சிப் படிச்சிக்க."

பக்கிரிக்கு விளங்கவில்லை. அவர் காதுக்கு அந்தப் பெட்டி சத்தமே போடவில்லை. அப்படியே போட்டாலும், ஓடுகிற இயந்திரம் ஒலிக்கத்தானே வேண்டும்? வாய்மூடிக் கிடப்பது நின்றுபோன இயந்திரமல்லவா? ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. பிறர் படித்துக் காட்டும் எழுத்தில் அஞ்சலாட்சியின் 'யோவ்' இருக்காது.

முதலில் தம் யோசனைப்படி, பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துப் பெட்டியின் பின்புறத் துளைகளில் அடைத்தார். அடுத்த ஞாயிறு, பேரன் யார் சாடை என்று அஞ்சலாட்சி சொல்ல வாயெடுத்த நேரத்தில் பெட்டி கொதித்துப்போய் அணைந்தது. பேரனின் சாடை தெரியாமலே ஒரு வாரம் கழிந்தது.

அந்த வாரத்தில்தான் உப்பளம் பகுதியில் கணினி பழுதுபார்க்கும் வினோத்குமாரை வீட்டுக்கு அழைத்து வந்தார். வினோத்குமார் மின் இணைப்பையும் அடைத்திருந்த வேட்டித் துணியையும் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே குனிந்து ஊதினார். அடுத்த கணம் அடுக்கடுக்காகத் தும்மினார்.

"என்னாண்ணே இது... மொளகாத் தூளா?"

பக்கிரி தலையசைத்தார்.

"பவர் சப்ளை ஃபேன் பூரா மாவு. கடல்காத்து ஈரத்துல அடையாவே தட்டி வெச்சிக்கிறீங்க. சட்னிதான் பாக்கி." கண்களைத் துடைத்துக்கொண்டார். "மில்லு சட்டையோட இதும் முன்னால குந்தாதீங்கண்ணே. அது காத்த இழுக்கும்போது உங்களையும் சேத்து இழுக்குது."

பக்கிரி தம் சட்டையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

வினோத்குமார் தூரிகையால் மாவைக் களைந்தார். ஆட்டம் கண்டிருந்த பவர் சப்ளை விசிறிக்கு மாற்றாக, மெல்லச் சுழலும் புதியது ஒன்றைப் பொருத்தினார். நடுவிலிருந்த சின்ன விசிறியின் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அப்புறம் கணினி வீற்றிருந்த டிரங்குப்பெட்டியை விரலால் சுண்டிப் பார்த்தார். "இதும் மேல வெச்சா மோளம் மாதிரி அதிராம என்னா பண்ணும்?" கணினி ஒரு மர முக்காலிக்கு மாறியது. கணினிப் பெட்டியின் அடியில் நான்கு மூலைக்கும் பக்கிரியின் தேய்ந்த ரப்பர் செருப்பு துண்டுகளாகப் போயிற்று. பெட்டியை மூடி, ஓடவிட்டார்.

"இப்ப கேளுங்கண்ணே."

"என்னாத்த?"

"அதாண்ணே! ஒண்ணும் கேக்கல இல்ல?"

"முன்ன மட்டும் என்னா கேட்டுது?" என்றார் பக்கிரி.

அந்த ஞாயிறு மில்லை முன்னதாகவே சாத்தினார். தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை ஒன்றை உடுத்தி முக்காலியின் முன் அமர்ந்தார். மணியடித்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"யோவ், பேரன் இப்பதான் கண் அசந்துக்கிறான். நல்லாக்கிறியா?"

பக்கிரி தலையசைத்தார்.

"அலோ?"

பலமாக அசைத்தார்.

"அலோ... ஏ குழலி, லைன் பூட்ச்சி பாருடி." இணைப்பு அறுந்தது.

பக்கிரி திகைத்துப்போய் ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்தார். சிறிது நேரத்தில் மறுபடியும் மணி.

"யோவ், இருக்கியா? எப்பவும் உய்யினு ஒண்ணு கேக்கும். செரி, மனுசன் குந்தினுக்கிறான்னு தெரியும். இப்ப பாழுங் கெணத்துல பேசறாப்ல கீது. இருக்கியா இல்லியாய்யா?"

சத்தம் இருந்ததற்கும் ஏச்சு, இல்லாததற்கும் ஏச்சு. பக்கிரி வாயைத் திறந்தார். இருக்கிறேன் என்பதை வாயால் சொல்ல வேண்டிய தேவை இத்தனை ஆண்டில் வந்ததில்லை. மில்லில் கல்லாவருகே நின்று எடை போடுவார் அஞ்சலாட்சி. பக்கிரி குழாயில் தட்டினால் அவருக்குத் தெரியும்.

"கட் பண்ணிடும்மா," என்றது தொலைவில் மகளின் குரல். "அப்புறமா பாக்கலாம்."

பக்கிரி கையை நீட்டினார். கணினியின் தகரப் பக்கத்தில், மடக்கிய விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தப் பக்கம், பேரன் விழித்தாலும் விழிக்கட்டும் என்பதுபோல் அஞ்சலாட்சி உரக்கச் சிரித்தார்.

"இருக்குதுடி மனுசன்! கட் பண்ணாத, இருக்குது!" மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "சாப்ட்டியாய்யா?"

பக்கிரி தலையை அசைத்தார். அசைத்தவர் நினைவு வந்தவராய் விரலை மடக்கி, பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.