அக்கா போனது யாத்திரை அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு பழகிய நல்ல மனிதர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்டையைத் திருப்பியதும் அக்காவின் படத்துக்குக் கீழே "புண்ணியத் தலங்கள் பலவற்றுக்கும் யாத்திரை சென்று இறைவனையே நாடிய பக்திச் செல்வி" என்று அச்சடித்திருக்கிறது. தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். அது எங்கள் அண்ணன் எழுதியது. அக்கா யாத்திரை போனவர் அல்ல. அணை பார்க்கப் போனவர், ஊட்டி பார்க்கப் போனவர். அதற்காக உங்களில் பாதிப் பேர் அவர் உயிரோடு இருந்தபோது "ஊர்சுத்தி" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். இப்போது யாத்திரை என்கிறீர்கள்.

என்னிடம் கட்டுரை கேட்டதும் அண்ணன்தான். நான் சாமளாபுரத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா என்பதால். "நல்லதா நாலு வார்த்தை எழுது அம்மிணி, பழசெல்லாம் கிளற வேண்டாம்" என்றார். எழுதியதை அவருக்குக் காட்டாமல் நேராக அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆகவே அவரும் உங்களோடு உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறார். நிதானமாகப் படியுங்கள் அண்ணா.

அக்கா பிறந்தது குன்னத்தூருக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு நெசவு. பிள்ளைகளில் அண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை பின்னியதும், பாடத்துக்கு விரட்டியதும் அக்காதான். அவர் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டார். என்னை நிறுத்தப் பார்த்தபோது அப்பாவோடு மல்லுக்கு நின்றார். "இவ படிச்சா என்னுங்கப்பா குறைஞ்சுபோச்சு" என்று கேட்டுக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் இன்று சாக்பீஸ் பிடிக்கிறேன் என்றால் அது அக்கா வாங்கிக் கொடுத்த சம்மதம்.

கல்யாணம் முடிந்து திருப்பூர் ராயபுரத்துக்குப் போனார். மாமா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதிகம் பேசமாட்டார், ஆனால் எதையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர். பவானிசாகர் அணை கட்டி முடித்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு கட்டச் சொல்லி அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கிணற்றில் கயிறு தேயத் தண்ணீர் சேந்தி வளர்ந்தவர் அக்கா. அத்தனை தண்ணீரையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே பேசவில்லை. அதற்கடுத்த கோடையில் மாமா ஊட்டிக்குக் கூட்டிப் போனார். அப்போதெல்லாம் உங்களில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்துவைத்தவள் என்றுதான் சொன்னீர்கள்.

மகள் சின்னவளாக இருக்கும்போதே மாமா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் வீட்டோடு வந்துவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். அக்கா வரவில்லை. ராயபுரத்திலேயே இருந்துகொண்டு, கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கி வந்து பிசிறு வெட்டி, மடித்துக் கொடுத்து, மகளை வளர்த்தார். மடியில் எப்போதும் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். யாரிடமும் போய் நின்றதில்லை. ஆசையையும் விடவில்லை. அங்கேதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. புருசனோடு போனால் அது ஊர் பார்ப்பது, புருசன் இல்லாமல் போனால் அது ஊர் சுற்றுவது. அவ்வளவுதான் நம் சொந்தத்தில் இருக்கும் நியாயம்.

சரி, நம்மில் யார் யார் எதற்கு வெளியூர் போகிறோம் என்று கொஞ்சம் பார்ப்போம். அண்ணன் தொழிலுக்கு மெஷின் வாங்கப் பம்பாய் போனார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அங்கே கடற்கரையில் இருக்கும் பெரிய கல் வளைவுக்கு முன்னால் கோட்டு மாட்டி நின்ற போட்டோ மட்டும் கூடத்தில் தொங்குகிறது. சித்தப்பா கிருத்திகைக்குக் கிருத்திகை பழனி போவார். மலையேறினாரோ இல்லையோ, அடிவாரத்து லாட்ஜில் சீட்டுக் கச்சேரி தவறியதில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் ஊட்டி போகும். குளிரில் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கும். போய் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளப் போகிறவர்கள்தான் நாம். அக்கா ஒருவர்தான் பார்ப்பதற்காகப் போனார். அதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. வேறு ஏதோ இருக்கிறது என்றீர்கள்.

அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு ராவுத்தரம்மா வீடு. அவருடைய வீட்டுக்காரர் பனியன் வியாபாரி. ராவுத்தரம்மாவுக்குப் பிறந்த ஊர் பாலக்காடு. அவர் தாய்வீட்டுக்குப் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து மலம்புழா அணையைக் காட்டினார். அணைமேல் நின்று அக்கா வெகுநேரம் பார்த்தாராம். பிறகு, "அந்தப் பக்கம் மலை தெரியுதுங்களே, கரையே தெரியாத தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டாராம். "கடலுக்கு வாங்க, அங்க அக்கரை எல்லாம் கிடையாதுங்க" என்று ராவுத்தரம்மா சொன்னாராம். அன்றைக்குப் பிடித்தது அக்காவுக்கு. கடலைப் பார்க்க வேண்டும். சாகும்வரை அவருக்கு இருந்த ஒரே ஆசை இதுதான்.

மலம்புழா போய்வந்த கொஞ்ச நாளில், பல்லடம் பக்கமிருந்து அக்கா மகளைப் பெண் பார்க்க ராயபுரம் வீட்டுக்கு வந்தார்கள். வசதியான இடம், அண்ணன் கொண்டுவந்த சம்பந்தம். அக்கா வெளியூர் போனது அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது போல. அவர்கள் கேட்டதற்கு அண்ணன் முந்திக்கொண்டு, "தங்கச்சி பழனிக்குப் போயிட்டு வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டார். பையனின் அம்மா நல்ல மனுஷி. சந்தோஷப்பட்டு, "அப்படீங்களா, பிரசாதம் இருந்தாக் குடுங்க அம்மிணி, பொண்ணு நெத்தியில நானே வெச்சு உடறனுங்க" என்று கேட்டுவிட்டார்.

பழனி போனவர் வீட்டில் திருநீறும் பஞ்சாமிர்தமும் இல்லாமல் இருக்குமா? பொய் சொன்ன அண்ணனுக்கு இது தோன்றவே இல்லை. எழுந்து உள்ளே வந்தார். நானும் உள்ளேதான் இருந்தேன். "சாமி மாடத்துல மாரியம்மன் கோயில் திருநீறு இருக்குதல்ல, அதை எடுத்துக் குடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அக்கா மாடத்துப் பக்கம் போகவே இல்லை. "நம்ம மாரியம்மன் திருநீத்தைப் பழனீன்னு சொல்லிக் குடுக்கறதுங்களா? சாமி விசயமுங்கண்ணா, என்னால ஆகாதுங்க" என்றார். கூடத்துக்கு வந்து, நிலைப்படி ஓரமாக நின்று, மெதுவாகத்தான் சொன்னார். "நான் பழனிக்குப் போகலீங்க. மலம்புழா அணை பாக்கப் போயிருந்தனுங்க. அணைக்கு ஏதுங்க பிரசாதம்?"

பையனின் சித்தப்பா ஒருவர், வாய் சும்மா இருக்காமல், "மலம்புழாவா? அந்தச் செலை இருக்கற எடந்தானுங்களே?" என்றார். துணியில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரிய பெண் சிலை அது. அவர் மனைவி திரும்பி, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். கூடத்திலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். சொந்தத்தில் இத்தனை பேர் அணை பார்க்கப் போயிருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

பையன் வீட்டார் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். பழி முழுக்க அக்காவின் தலையில் விழுந்தது. பொய் சொன்னவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பொய் சொல்லாதவரைத்தான் கேட்டீர்கள். பெற்ற மகள் வாழ்க்கையை அணையில் தள்ளிவிட்டாள் என்று அக்கா வீட்டு வாசலில் நின்று பேசியவர்கள் இந்த மலரிலும் இரங்கல் எழுதியிருக்கிறார்கள். மகள் ஒருத்திதான், "அம்மா சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

அதன்பிறகு அண்ணன் கட்டளை போட்டார். மகளுக்குக் கல்யாணம் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. அக்கா ஒத்துக்கொண்டார், மகளுக்காக. கம்பெனி, வீடு, கம்பெனி என்று கிடந்தார். பிறகு குன்னத்தூரிலிருந்தே நல்ல மாப்பிள்ளை அமைந்தார். அவரிடம் அக்கா முதலிலேயே அணைக் கதையைச் சொல்லிவிட்டார். "அதுக்கென்னுங்க அத்தை" என்று மாப்பிள்ளை சிரித்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

அடுத்த தை அமாவாசைக்கு அண்ணன் பஸ் பிடித்துச் சொந்தத்தையெல்லாம் ராமேஸ்வரம் கூட்டிப் போனார். அக்கா தானாகப் போய்க் கேட்டார். வாழ்க்கையில் அண்ணனிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, நானும் வரட்டுங்களா? கடலைப் பாக்கோணுமுங்க."

"சாமி கும்புட வர்றேன்னு சொல்லு. கூட்டிட்டுப் போறேன்."

"கடலைப் பாக்கத்தானுங்கண்ணா வர்றேன். அங்க வந்தா சாமியும் கும்புட்டுக்கறனுங்க."

"அப்ப நீ வர வேண்டாம். இது கோயில் வண்டி."

சாமியும் கும்பிட்டுக்கொள்கிறேன் என்றது அண்ணன் காதில் விழவில்லை. ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லுங்கள் அக்கா, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நான்கூடச் சொன்னேன். "எதுக்குப் போறேன்னு கேட்டா, எதுக்குப் போறேனோ அதைத்தானே சொல்லோணும்" என்றார். அந்தக் கோயில் வண்டியில் போனவர்கள் சங்கு பொம்மையும் பாசிமணியும் வாங்கி வந்து அக்காவிடமே காட்டினார்கள். அக்கா கடலைப் பற்றிக் கேட்டார். உப்புக் காற்று, ஒரே கசகசப்பு என்றார்கள். அவர்கள் பார்த்த கடல் அவ்வளவுதான்.

நாமே கன்னியாகுமரி போவோம், முழுப் பரீட்சை லீவு வரட்டும் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். லீவு விட்டபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் பஞ்சுத் தூசி கட்டிப்போயிருந்தது. மூச்சு வாங்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராவுத்தரம்மாவிடம் கடல் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டார். "நம்ம கம்பெனி மெஷினாட்டந்தானுங்க, ஆனா வேலை முடிஞ்சு சங்கு ஊதுனாலும் நிக்காது" என்று அவர் சொல்ல, அக்கா சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டார்.

எங்கள் சொந்தத்தில் அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைப்பதுதான் வழக்கம். அண்ணன் ராமேஸ்வரம் என்றார். அவர் அந்தஸ்துக்குக் கூடுதுறை போதவில்லை. மறுபடி பஸ். அக்கா வீட்டுப் பக்கமே வராதவர்களெல்லாம் ஏறிக்கொண்டார்கள், கட்டுச்சோற்றோடு. மண்டபத்தில் இறங்கி ரயில் மாறினோம். பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் எல்லோரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். இரண்டு பக்கமும் கடல். அஸ்திக் கலயம் வாயில் துணி கட்டி அண்ணன் மடியில் இருந்தது. அந்தத் துணியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல எனக்கு இருந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கும் என் நன்றி. ராவுத்தரம்மாவுக்கு நன்றி என்று எழுதினால் அது போதாது. அக்காவுக்கு இந்த உலகத்தில் கொஞ்சத்தைக் காட்டிக்கொடுத்தவர் அவர், மாமாவுக்குப் பிறகு. இந்த வருடத் திதிக்கு வந்தவர்களுக்கும் நன்றி. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணா, உங்களுக்கும் சொல்ல வேண்டும். அக்காவைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்தான். உயிரோடு வந்து நின்றபோது எதற்கு வருகிறாய் என்று கேட்டீர்கள், உண்மையைச் சொன்னதால் ஏற்றாமல் விட்டுவிட்டீர்கள். செத்த பிறகு மடியில் வைத்துக் கூட்டிப் போனீர்கள். அந்த வண்டியில் ஏறிய அத்தனை பேரிலும் கடலைப் பார்க்க ஆசைப்பட்டவர் ஒருவர்தான். அவரிடம் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.