ஆறு அங்குலத் தகரக் கால்வாய்

"நாலு இஞ்சா, ஆறு இஞ்சாம்மா?" என்று தகர வேலைக்காரர் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு புடவைக் கரைக்காகச் சிக்பேட்டைக் கடையில் அரை நாள் உட்கார்ந்து, கடைக்காரரைக் கொட்டாவி விட வைத்தவள் நான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மட்டும் பட்டென்று சொல்லிவிட்டேன். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு மங்களூர் ஓட்டு வீடு இருந்தது. ரயில் கூவினால் அடுக்களைப் பாத்திரம் அதிரும். என் கணவருக்கு ரெவின்யூ ஆபீஸில் குமாஸ்தா வேலை. வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு. அந்தத் தெருவில் அது பெரிய அந்தஸ்து. எனக்கு அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் இரண்டு பேர் ஒட்டி நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு. அதில் இருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். புருஷன் போனபின் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, மில்லுக்குப் போகும் ஏழெட்டு ஆண்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பிழைத்தார். சோறு, பருப்புக் குழம்பு, ஒரு பொரியல். அந்தக் குழம்புக்காகத்தான் அவர்கள் வந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் குழம்புக்கு வேண்டிய தண்ணீர் எங்கள் கூரையிலிருந்து விழுந்தது. தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் துவரம்பருப்பைப் போட்டால் விறகுதான் தீருமே தவிர பருப்பு குழையாது. தெருக்குழாயில் முறைக்கு இரண்டு குடம்தான். குடிக்கவும் சோறு வடிக்கவும் அது சரியாகப் போய்விடும். ஆகையால் வானம் இருண்டால் அக்கா சந்தில் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிடுவார். ஓர் அண்டா, இரண்டு மண்பானை, ஒரு குண்டான், மூடி போன மண்ணெண்ணெய் டின். எங்கள் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் எந்தெந்த இடத்தில் தாரையாக விழும் என்று அவருக்கு அத்துப்படி. முதல் மழை ஓட்டைக் கழுவட்டும் என்று சும்மா விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடிப்பார். துணியால் வடிகட்டி மூடி வைத்தால் வாரக்கணக்கில் வரும்.

பாத்திரம் வைக்க வெளியே வரும்போது எங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுப்பார். "யம்மா, மழை வருது, துணி எடுங்க!" நான் கொல்லைக்கு ஓடுவேன். மழைத்தண்ணீரில் வெந்த முதல் குழம்பு ஒரு கிண்ணம் எங்களுக்கு வந்துவிடும். கிண்ணத்தைத் திருப்பும்போது நான் எதையாவது போட்டுக் கொடுப்பேன். ஒரு நாள் வெல்லம், ஒரு நாள் நாலு முறுக்கு. பாத்திரத்தை வெறுமனே திருப்புவது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. இப்படி ஐந்தாறு வருஷம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன். தெருக்குழாயடியில் பெண்கள் வரிசை. யாரோ ஒரு கன்னடக்காரப் பெண், "ஏனம்மா, இவத்து நீரு பேடவா?" என்று அக்காவைக் கேட்டாள், இன்றைக்குத் தண்ணீர் வேண்டாமா என்று. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கென்னம்மா கவலை? அந்த வீட்டுக் கூரை என் சொத்து. மோடம் போட்டாப் போதும், தண்ணி தானா வந்து விழும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வருவதைப் பார்த்துவிட்டு அக்கா இன்னும் பெரிதாகச் சிரித்தார். நானும் அதில் சேர்ந்துகொள்வேன் என்று நினைத்திருப்பார். நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. என் வீட்டுக் கூரை இவருக்குச் சொத்தா? குழாயடியில் நாலு பேர் நடுவில் பேசுகிற பேச்சா இது? வீட்டுக்கு வந்து கத்தரிக்காயை நறுக்கின வேகத்தில் விரலையும் கொஞ்சம் நறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் சட்டையைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"விளையாட்டா சொன்னாலும் சரி, இது நல்லதுக்கில்லே. வருஷக்கணக்கா விட்டா பாத்தியதை ஆயிடும். நாளைக்கு நீ கூரையை மாத்திக் கட்டணும்னா அவங்களைக் கேட்டுத்தான் கட்டணும். எங்க ஆபீஸ்ல தினம் பாக்கறேன் இந்தக் கூத்தை."

ஆபீஸில் பத்து வருஷம் வழித்தகராறும் வரப்புத்தகராறும் படித்தவர். அவருக்கு மரத்திலிருந்து பூ விழுந்தால்கூட அது யார் எல்லையில் விழுந்தது என்று பார்க்கத் தோன்றும். "சுவரும் சாரல்ல ஊறுது. ஓட்டு விளிம்புல தகரக் கால்வாய் போட்டுத் தண்ணியை நம்ம கொல்லைக்குத் திருப்பிடலாம். யாருக்கும் மனவருத்தமில்லே," என்றார். சுவரின் அடியில் காரை உதிர்ந்திருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அது ஐந்து வருஷமாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதுவரை எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை.

அடுத்த வாரமே சிவாஜி நகரிலிருந்து ஒரு தகர வேலைக்காரர் வந்தார். வெள்ளைத் தாடி, பொறுமையான மனிதர். சந்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கீழே வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பானைகளைப் பார்த்தார். என் கணவர் ஆபீஸுக்குப் போய்விட்டதால் கேள்வி என்னிடம் வந்தது.

"நாலு இஞ்சா, ஆறு இஞ்சாம்மா?"

"என்ன வித்தியாசம்?"

"நாலு போட்டா சாதா மழைக்குச் சரியாப் போவும். ஜோர் மழை வந்தா மேலே வழிஞ்சி இங்கே வுழும். ஆறு போட்டா எந்த மழைக்கும் ஒரு சொட்டு கீழே வராது." மறுபடி பானைகளைப் பார்த்துக்கொண்டே, "நாலே போதும்மா. சின்ன வூடுதானே. கொஞ்சம் வழிஞ்சா என்னா நஷ்டம்?" என்றார்.

அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. பெங்களூர் மழை சும்மா தூறுவதில்லை. ஆவணியிலும் ஐப்பசியிலும் கொட்டித் தீர்க்கும். நாலு அங்குலம் போட்டிருந்தால் எங்கள் கௌரவமும் நின்றிருக்கும், அக்காவின் அண்டாவும் பாதியாவது நிரம்பியிருக்கும். அது நன்றாகத் தெரிந்தே, "ஆறே போடுங்க," என்றேன். சொத்து என்று சொன்ன வாய்க்கு ஒரு சொட்டும் போகக்கூடாது என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

வேலை நடந்த அன்று சந்தில் மூங்கில் ஏணி நிற்கவில்லை, மண் வழுக்கியது. சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார். "என்னங்கம்மா, கூரைக்கு என்ன?" என்றார். சுவர் ஊறுகிறது என்றேன். "ஆமாம்மா, நானும் பாத்தேன், காரை பேந்துபோச்சி," என்று சொல்லித் தன் பானைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கிழவர் மேலே ஆணி அடித்து முடிக்கிறவரை பிடித்துக்கொண்டே நின்றார். நான் என் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பெரிய மழை. "யம்மா, துணி எடுங்க!" என்று வழக்கம்போல் குரல் வந்தது. பாத்திரங்கள் வைக்கிற சத்தமும் கேட்டது. தண்ணீர் எங்கே போகும் என்று அதுவரை அக்கா யோசிக்கவில்லையா, இல்லை, கொஞ்சமாவது வழியும் என்று நம்பினாரா, தெரியவில்லை. துணியை எடுத்துக்கொண்டு கொல்லையிலிருந்து சந்தை எட்டிப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் தகரத்தில் தண்ணீர் ஹோவென்று ஓடுகிறது. கீழே அக்கா முக்காடு போட்டுக்கொண்டு, பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலைக்காரர் சொன்ன சொல் தவறாதவர். ஒரு சொட்டு விழவில்லை.

எங்கள் கொல்லைத் தொட்டி அரை மணியில் நிரம்பியது. மிச்சமெல்லாம் சாக்கடையில் ஓடியது. குழாய் வைத்த வீட்டில் அந்தத் தண்ணீருக்கு என்ன வேலை? நாலு ரோஜாச் செடிக்கு ஊற்றினேன்.

இன்னும் இரண்டு மழைக்குப் பாத்திரங்கள் சந்தில் இருந்தன. பிறகு அவை இல்லை. மனசு உறுத்தி ஒரு நாள் தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கதவருகில் நின்றபடியே, "இருக்கட்டும்மா, உங்க செடிக்கு வேணுமே. நான் குழாய்ல புடிச்சிக்கறேன்," என்றார். முகத்தில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சமாதானமாகியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். குடத்தோடு திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு, மறுநாள் பருப்பை வேக வைக்க, அந்த வீட்டில் சாயங்காலமும் அடுப்புப் புகைந்தது. பருப்பு வேகவில்லை என்று சாப்பாட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டல் வந்திருந்தது. ஒவ்வொருவராக அங்கே போனார்கள். ஓட்டல் வந்ததுதான் காரணம் என்று என் கணவர் சொன்னார். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அக்கா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கோலார் தங்கவயலில் இருந்த தம்பி வீட்டுக்குப் பெண்களோடு புறப்பட்டார். போகிற அன்று, எப்போதோ நான் பண்டம் போட்டு அனுப்பியிருந்த எங்கள் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ, நான் மறந்தே போயிருந்தேன். அதில் துவரம்பருப்பு இருந்தது, பச்சையாக.

"வெறும் கிண்ணமா குடுக்கக்கூடாதே. வேற ஒண்ணும் இல்லேம்மா. உங்க தண்ணியில நல்லா வேகும்," என்றார்.

குத்திச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மனசாரத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மூன்று நான்கு வருஷத்துக்குப் பிறகு, சந்துப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க நினைத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர் வீட்டுப் பத்திரத்தைத் தெரிந்த வக்கீலிடம் காட்டினார். ஊரார் எல்லையெல்லாம் அளந்தவர், தன் பத்திரத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. வக்கீல் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சந்து உங்களுது இல்லையே சார். முழுக்க அந்தம்மாவோடது. உங்க சுவரோட உங்க எல்லை முடிஞ்சுது."

என் கணவர் கூரைத் தண்ணீர், பாத்தியதை என்று ஏதோ முணுமுணுத்தார்.

"யாருக்குப் பாத்தியதை? இத்தனை வருஷம் உங்க கூரைத் தண்ணியைத் தன் இடத்துல விழ விட்டது அவங்க. அவங்க ஆட்சேபிச்சிருந்தா நீங்கதான் அன்னிக்கே தகரம் போட்டிருக்கணும். நீங்க நிறுத்தினா கேக்கறதுக்கு அவங்களுக்கு உரிமையே கிடையாது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்குப் பயந்தோமோ அது சட்டத்திலேயே இல்லை. அக்கா எங்களிடம் எதையும் பறிக்கவில்லை. தன் இடத்தில் வந்து விழுந்ததைத்தான் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் எங்கள் ஏணியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜன்னலுக்கு அவர் சம்மதக் கையெழுத்து வேண்டியிருந்தது. ரயிலேறித் தங்கவயலுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை வழி முழுக்க மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா இளைத்திருந்தார். தம்பி வீட்டு அடுக்களையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாயைப் போட்டு, காப்பி கொடுத்தார். காகிதத்தை நீட்டியதும், என்ன ஏது என்று படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

"ஜன்னல் வச்சிக்கங்கம்மா. காத்து வரும்," என்றார். பிறகு ஆசையாகக் கேட்டார்: "அங்க மழை எப்படி? உங்க தொட்டி நெறையுதா?"

அடுக்கி வைத்த வார்த்தைகளைச் சொல்லாமல், கையெழுத்தான காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"நெறையுதுக்கா," என்றேன்.