விரியன் விஷமும் ஒற்றைப் பளிங்கும்

எங்கள் தொழிலில் வேலை பாதி, காத்திருப்பு மீதி. புரதத்தைக் கற்கண்டுபோல் பளிங்காக வளர்த்து, அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, கதிர் சிதறி விழும் புள்ளிகளை வைத்து உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறதென்று கணிக்கிறோம். டிஎன்ஏயின் முறுக்கும் இன்சுலினின் உருவமும் இப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தன. எனக்கு வாய்த்தது கண்ணாடி விரியனின் விஷப் புரதம். அதன் உருவம் தெரிந்தால் நல்ல மருந்துக்கு வழி பிறக்கும். தெரியாவிட்டால் இந்த வருஷத்தோடு என் ஆராய்ச்சி உத்தியோகம் முடியும். இதே வேலையில் கிடந்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முழங்கால்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடி அன்ரி, எனக்கு எக்ஸ்ரேயில் வேலை என்று கேள்விப்பட்டுத் தன் முழங்கால் படத்தோடு வந்துவிட்டார். நான் பார்ப்பது எலும்பை அல்ல, அணுவை என்று தேத்தண்ணீர் ஆறும்வரை விளக்கினேன். அன்ரி படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு பெரிய முழங்கால் விளங்கேல்லை, அணு எப்பிடியம்மா விளங்கும்?"

ஏசி

பளிங்கு வளரும் அறையில் குளிர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கொட்டாஞ்சேனையிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் செல்வியக்கா, கரண்ட் வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் வெள்ளிக்கிழமை ஏசியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், அரும்பியிருந்த பளிங்கெல்லாம் கரைந்து வெறும் தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்: "ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்குங்க மிஸ் ஏசி?"

ஊசி

அதன்பிறகு திரும்பத் திரும்ப முயன்று, ஒரு கரைசல் துளியில் ஒற்றைப் பளிங்கு வந்தது. மூலையெல்லாம் கூராக, அப்படியோர் அழகு. ஆனால் கரைசலில் நாங்கள் கலக்கும் உப்பே சிலவேளை இப்படிப் பளிங்காகி ஏமாற்றிவிடும்; அதனால் வழக்கமாக இதை ஊசி முனையால் குத்திப் பார்ப்போம். புரதமென்றால் பொலபொலவென்று உதிரும், உப்பென்றால் நறுக்கென்று உடையும். என் பேராசிரியரோ, இருப்பது ஒன்றுதான், குத்த வேண்டாம் என்றார். எனக்கும் மனம் வரவில்லை. திரவ நைதரசனில் உறையவைத்து, பலமான கதிர் உள்ள வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். சைவப் பிள்ளையான நான் கொச்சிக்கடைக் கிறிஸ்தவக் கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்தினேன்.

படம் வந்தது. புரதமென்றால் புள்ளிகள் நெருக்கமாகக் கிடக்க வேண்டும். இதில் தூரத் தூர நாலைந்துதான். உத்தியோகமும் போயிற்று, மருந்தும் போயிற்று. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நல்ல உப்பு பிள்ளை, இவ்வளவு துப்புரவான உப்பை நான் கண்டதேயில்லை."

இந்தத் துறை பிறந்த புதிதில் முதன்முதலாக உள்ளமைப்புக் கண்ட பொருட்களில் ஒன்று சாப்பாட்டு உப்பு. நூறு வருஷத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து நானும் அதைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.