செம்புழுதி மூட்டையும் எதிர்வீட்டு வாசலும்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்கு வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால், அரை மணி நேரத்தில் டீ நிறத்துக்கு வந்துவிடும். அவ்வளவு இரும்பு. பக்கெட்டெல்லாம் துரு வளையம். வெள்ளைத் துணி நாலு துவையலுக்கு மேல் வெள்ளையாக இருந்ததே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. இரும்புச் சுரங்கங்களில் தாதுவைக் கழுவி எடுத்த பிறகு, மிஞ்சும் செம்புழுதியை வேண்டாத கழிவென்று மலை மாதிரி கொட்டி வைப்பார்கள். அதைச் சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக்கிக் குழாயில் நிரப்பி, தண்ணீரை மெதுவாக விட்டால், தண்ணீரில் இருக்கும் இரும்பு அந்த உருண்டைகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இதுதான் என் ஆராய்ச்சி. "இரும்பை எடுக்க இரும்பையே போடுவியா? நல்லா இருக்கே கதை!" என்று கேட்காதவர்கள் பாக்கி இல்லை. ஒட்டும் என்பது உண்மை. ஆய்வுக்கூடத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

வம்பு வேறு இடத்தில் இருந்தது. உருண்டை, உருண்டையாகவே நிற்காது. பிடிமானத்துக்குப் புழுதியோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, தண்ணீர் தெளித்து உருட்டி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காய வைப்பேன். பார்க்க ஜோராக இருக்கும். குழாயில் போட்டுத் தண்ணீரை விட்டதும் கரைந்து, தக்காளி ரசம் மாதிரி கீழே வரும். சிமெண்டைக் கூட்டினால் இரும்பு சரியாக ஒட்டாது. இரண்டு வருஷம் இதே கூத்து.

கடைசியில் என் பேராசிரியர் பொறுமை இழந்தார். "பொங்கல் முடிஞ்சு வரும்போது இது கரையாம நிக்கணும்மா. இல்லேன்னா தலைப்பை மாத்திடு. வேற வழியில்லை." தலைப்பை மாற்றுவதென்றால் இரண்டு வருஷமும் போச்சு. வீட்டில் ஏற்கெனவே ஜாதகத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தார்கள். இன்னொரு இரண்டு வருஷம் யார் தருவார்கள்?

மிச்சமிருந்த புழுதியையெல்லாம் சிமெண்டோடு கலந்து மூட்டையாகக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். மார்கழியில் அந்த மூட்டை தானாக இளைக்கத் தொடங்கியது. எலியாக இருக்குமோ என்று பார்த்தேன். எந்த எலி மண்ணைத் தின்னும்? எனக்கு இருந்த கவலையில் அதை மேலே யோசிக்கவில்லை.

போகிக்கு முந்தின நாள் காலையில், அதே கட்டடத்தில் எங்களுக்கு எதிர்வீட்டு மாமி கையில் தேங்காய் நார் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"ஏண்டி, என்ன கண்றாவிச் செம்மண்ணுடி வாங்கி வச்சிருக்கே? பொங்கலுக்குப் புதுசா கோலம் போடலாம்னு தேய்க்கறேன், தேய்க்கறேன், போகவே மாட்டேங்கறது! கை விட்டுப் போச்சு!"

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. மாமி என் மூட்டையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கோலத்துக்குக் காவி இட்டிருக்கிறார்! வந்ததே கோபம்.

"மாமி! அது என் ஆராய்ச்சி மண்ணு! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மாடிப்படிக்குக் கீழே செம்மண் மூட்டை இருந்தா, மார்கழில எல்லாருக்கும்னுதானே நினைச்சுண்டேன்? மேல் ஆத்துலயும்தான் எடுத்துண்டா. என்னை மட்டும் சொல்றயே!"

நல்ல பதிலாகக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. போகவே மாட்டேங்கறதா?

ஓடிப்போய் மாமி வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை சும்மா கருங்கல் மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினேன். நகம்தான் உடைந்தது. தேய்த்து விட்ட தண்ணீர் பக்கத்தில் தேங்கி நின்றது. அதில் துளி சிவப்பு இல்லை.

"மாமி, தினம் இதுல தண்ணி தெளிச்சீங்களா?"

"காலம்பற ஒரு வாட்டி, சாயந்திரம் ஒரு வாட்டி. வாசல் தெளிக்காம இருப்பாளா?"

அடக் கடவுளே! வீடு கட்டும் இடத்தில் புதுச் சுவருக்கு ஈரச் சாக்கு போர்த்தி, வேளாவேளைக்குத் தண்ணீர் விடுவதை இந்த ஊரில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! சிமெண்ட் ஈரத்தில்தான் இறுகும். நானோ அதை வெயிலில் வறுத்து எடுத்திருக்கிறேன். என் மேலேயே சிரிப்பு வந்தது.

மூட்டையில் மிஞ்சியதை அன்றே உருட்டினேன். ஈரச் சாக்கில் மூடி வைத்து, பொங்கல் முழுக்க அதற்குத் தண்ணீர் தெளிப்பதே வேலையாக இருந்தேன். லீவு முடிந்ததும் பேராசிரியர் முன்னால் குழாயைத் திறந்தேன். மேலே மஞ்சள் தண்ணீர் உள்ளே போனது. கீழே கண்ணாடி மாதிரி வந்தது. சாயங்காலம் வரைக்கும் அப்படியே வந்தது. அவர் நம்பவில்லை. வாசல் கதையைச் சொன்னதும், "எனக்கு அதைக் காட்டு" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கே வந்துவிட்டார்.

மாமி வீட்டு வாசலில் பேராசிரியர் குனிந்து ஸ்கூட்டர் சாவியால் பட்டையைக் கீறிப் பார்த்தார். சாவியை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, "தலைப்பு அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு வருஷத்து அழுகையும் அந்த வாசற்படியிலேயே பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மாமி என்னையும் பேராசிரியரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கை இரண்டையும் பிசைந்துகொண்டு அவரிடம் சொன்னார்:

"நான்தான் எடுத்தேன், சார். குழந்தையைத் திட்டாதேள். நாளைக்கே மாடவீதில ரெண்டு மூட்டையா வாங்கித் தந்துடறேன்!"