அரை ரிங்கில் நின்றுவிடும் போன்

“அண்ணி, இந்த போனைத் தூக்கி வாய்க்கால்ல போடப் போறேன்!”

சென்ற வாரம் திருவாரூர் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே இப்படி வரவேற்றாள் தம்பி மனைவி மலர். தம்பி சிங்கப்பூரில். நெல் அறுக்கும் மெஷின் ஒன்றை வாங்கி, இங்கே அதை வாடகைக்கு விடும் பொறுப்பு முழுக்க மலருடையது.

வீட்டில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அதனால் இன்டர்நெட் வழியாகப் பேசும் போன் வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெட்டி, அதில் செருகிய பழைய மாடல் போன் — யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்ட டிஸ்ப்ளேகூடக் கிடையாது. மெஷினின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருப்பது அந்த நம்பரைத்தான்.

சிக்கல் என்ன? ‘ட்ரிங்’ என்று பாதி மணி. ஓடிப்போய் எடுத்தால் டயல் டோன். சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கிறது… மெஷினோ கொட்டகையில் நிற்கிறது.

“போன்தான் கெட்டுப்போச்சா, இல்ல பொம்பள நடத்துற வண்டின்னு யாரும் கூப்பிடலையான்னே தெரியல அண்ணி. சாயங்காலம் புரோக்கர் வர்றாரு. மெஷினை வெளி மாவட்டத்துக்கு ஓட்டிட்டுப் போறாராம். சாவியைக் குடுத்துட்டு இந்தத் தொழிலே வேணாம்னு இருந்துடுறேன்.”

குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சிக்னல் கிடைக்கும் ரோடு வரை நடந்துபோய், என் மொபைலிலிருந்து கூப்பிட்டேன். மலர் எடுத்தாள். கணீரென்று பேசினாள். அப்புறம் என்ன கோளாறு?

அங்கேயே நின்று போன் கம்பெனியைக் கேட்டேன். “பெட்டிக்குள்ள லாக் இருக்கும் மேடம், லேப்டாப்ல திறந்து பாருங்க” என்றார்கள். லாக் என்றால், அந்தப் பெட்டி தான் செய்ததையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்பு. சும்மா இருப்பேனா நான்?

வீட்டுக்குத் திரும்பி லேப்டாப்பில் திறந்தால், எடுத்த எடுப்பிலேயே ‘401 அன்ஆதரைஸ்டு’. அனுமதி இல்லையாம்! ஆஹா, பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். கொஞ்சம் கீழேயே ‘200 ஓகே’. நெட்டில் தேடினால்… இது தினசரி சடங்காம். பெட்டி முதலில் வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டுமாம். பாஸ்வேர்டு எங்கே என்று திருப்பி அனுப்புவார்களாம். கொண்டுபோய்க் காட்டினால் உள்ளே விடுவார்களாம். மிரட்டும் வரியெல்லாம் கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்னும் கீழே போனேன். ‘இன்வைட்’ — அழைப்பு வருகிறது. ‘ரிங்கிங்’ — மணி அடிக்கிறது. உடனே ‘கேன்சல்’! மறுபடி இன்வைட், ரிங்கிங், கேன்சல். பக்கம் பக்கமாக இதேதான். ரத்து செய்தது பெட்டியா என்று பார்த்தால், இல்லை. கூப்பிட்டவரே வைத்துவிட்டிருக்கிறார். ஒருவர் இருவர் இல்லை, பல நம்பர்கள்; சில திரும்பத் திரும்ப.

அப்போதுதான் உறைத்தது. மிஸ்டு கால்! வாடகை வண்டிக்காரர்களுக்கு நம் ஊரில் யார் முழு ரிங் விடுகிறார்கள்? ஒரு ரிங், கட். தொழில் வேண்டுமென்றால் அவர்கள் திருப்பிக் கூப்பிடட்டும். பேசுவதற்குத் தனிக் காசு இல்லை என்றாகிப் பல வருஷமாகியும் பழக்கம் விடவில்லை. டிஸ்ப்ளே இல்லாத போனுக்கு இது எப்படித் தெரியும்?

“மலர், இந்த நம்பரைப் போடு.”

எதிர்முனையில் ஒரு விவசாயி. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “ஏம்மா, எத்தனை தடவை அடிக்கிறது? பயிரு சாஞ்சு கெடக்கு! மெஷின் வாங்குன பெருமையில திருப்பிக் கூப்பிடக்கூட மனசு வரலையா? எங்க தெருவே உங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்கு!”

“காலையில வண்டி உங்க வயல்ல நிக்குங்க” என்றாள் மலர். அடுத்து புரோக்கரைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொன்னாள்.

ரிசீவரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அண்ணி… எல்லாரும் என் மேல கோவமா இருந்திருக்காங்க அண்ணி!”

இதை இத்தனை சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.