பின் சீட்டுக்கு ஒரு சங்கம்

சென்ற மாதக் கடைசியில் என்னை ஒரு சங்கத்துக்குப் பத்திரிகைத் தொடர்பாளர் ஆக்கிவிட்டார்கள். வாழ்த்துச் சொல்ல அவசரப்பட வேண்டாம். சங்கத்தில் மொத்தமே எங்கள் வீட்டு ஏழு பேர்தான். நல்ல பதவிகள் ஆறும் போன பிறகு மிஞ்சியது என்னிடம் வந்தது. "நீர்தானே பேப்பருக்கு எழுதிறனீர்" என்று தலைவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சங்கத்தின் பெயர் - சூரிச் வாழ் தமிழர் உதைபந்தாட்ட ரசிகர் ஒன்றியம்.

பெயர் நீளம் என்கிறீர்களா? பெயரைக் குறைத்ததே ஒரு பின்னேரம் முழுக்க நடந்த வாக்குவாதத்தில்தான். முதலில் 'அனைத்துலக' என்றும் ஒரு சொல் இருந்தது.

சரி, எதற்காக இந்த ஒன்றியம்? ஒரு காரின் பின் சீட்டுக்காக. நம்ப மாட்டீர்கள்... ஆனால் அதற்காகத்தான்.

லாங்ஸ்ட்ராஸ தெருவில் மூன்று அறையுள்ள ஒரு வீட்டில் நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து இருக்கிறோம். எல்லாருக்கும் ஏதோ ஒரு உணவகத்தின் பின்கதவில் வேலை. பாத்திரம் கழுவுகிறோம், கிழங்கு உரிக்கிறோம், தரை துடைக்கிறோம். இதில் கணேசன் மட்டும் வேறு வகை. அவர் ஹோட்டல் படிப்புக்கென்று முறையாக வந்து, படிப்பு முடிந்து, முறையாக வேலை எடுத்தவர். வருட பெர்மிட் உண்டு. எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வரக்கூடிய பாஸ்போர்ட் உண்டு. மற்ற ஆறு பேரும் அகதி மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம். எங்கள் பாஸ்போர்ட்டுகள் பொலிசில் பத்திரமாகத் தூங்குகின்றன.

கணேசனுக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். ஊரில் இடதுபக்க முன்வரிசை ஆட்டக்காரர். முழங்கால் ஒருமுறை புரண்டதோடு விளையாட்டு நின்றுவிட்டது, பைத்தியம் மட்டும் நிற்கவில்லை. இந்த வருடம் உலகக் கோப்பை ஸ்பெயினில் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய கட்டிலுக்கு மேலே ஆட்ட அட்டவணைதான் சாமி படம்.

அவரோடு ஒரே குசினியில் வேலை செய்பவர் பாக்கோ. ஸ்பெயின்காரர். வலென்சியாதான் ஊர். ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் போகிறார். ஸ்பெயின் அணியின் முதல் ஆட்டமும் அங்கேதான். மச்சான்காரன் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறானாம். "பின் சீட்டில் ஒரு இடம் இருக்கிறது, நீ வா" என்று கணேசனிடம் சொல்லியிருக்கிறார்.

வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். கணேசன் நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் சொல்லிவிட்டார்.

"எங்களுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு" என்றார்.

'எனக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் பிழை வந்தது.

எங்கள் வீட்டில் மூத்தவர் சபாரத்தினம் அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கத் தலைவர், கோயில் திருவிழா உபகுழுத் தலைவர், இன்னும் என்னென்னவோ தலைவர். இங்கே பாத்திரம் கழுவுகிறார். கழுவும் தொட்டிக்கு முன்னாலும் தலைமை தாங்குகிற மாதிரித்தான் நிற்பார். அவர் தொண்டையைச் செருமினார்.

"பொது விஷயம் எண்டால் முறையாச் செய்யோணும். கூட்டத்தைக் கூட்டுவம்."

"வழிமொழிகிறேன்" என்றான் தவம். தவம் எதையும் வழிமொழிவான். சோறு குழைந்துவிட்டது என்றாலும் வழிமொழிவான்.

கூட்டம் கூடியது. ஒன்றியம் பிறந்தது. தலைவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. முதல் தீர்மானம் - வலென்சியாவுக்கு ஒன்றியத்தின் சார்பில் ஒரு பிரதிநிதி போவார். இரண்டாவது தீர்மானம் - அந்தப் பிரதிநிதி, பதவி வழியாக, தலைவர்.

நான் கணேசனைப் பார்த்தேன். கணேசன் தரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அண்ணை, உங்கட பாஸ்போர்ட் பொலிசிலையெல்லோ கிடக்கு?"

"தம்பி, அது நிர்வாகப் பிரச்சினை. பேந்து பாப்பம். முதல்லை தீர்மானம்."

"ஒரு பக்கத்துக்கு எத்தினை பேர் விளையாடிறவை?" என்று அன்றிரவு சாப்பாட்டில் என்னிடம் காதோடு கேட்டார் தலைவர். பதினொரு பேர் என்றேன். "அவ்வளவு பேரோ?" என்றார். எங்கள் பிரதிநிதி!

நிர்வாகப் பிரச்சினையைத் தீர்க்க அவரோடு வெளிநாட்டவர் பொலிசுக்கு நான் போனேன், மொழிபெயர்ப்பாளனாக. என் ஜெர்மன் உங்களுக்குத் தெரியும்... கடையில் பால் வாங்கப் போதும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி மிகவும் மரியாதையானவர். இந்த நாட்டில் 'இல்லை' என்பதைக்கூட நாம் நன்றி சொல்லிவிட்டு வரும்படியாகச் சொல்வார்கள்.

"தாராளமாகப் போகலாம்" என்றார் அதிகாரி. "பாஸ்போர்ட்டை இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் போனால் மனு முடிந்தது. திரும்பி வர முடியாது."

மொழிபெயர்த்தேன். சபாரத்தினம் அண்ணை கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஒரு கிழமைக்கும் ஏலாதாமோ? போயிட்டு உடனை வந்திடுவன் எண்டு சொல்லும்."

சொன்னேன். அதிகாரி சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினார். ஏலாது.

திரும்பி வரும்போது ட்ராமில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு வந்து எத்தனை வருடம் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. பாவம், இனி இடத்தைக் கணேசனுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நான் இவ்வளவு காலம் தமிழர் நடுவில் வாழ்ந்து என்ன பயன்?

அன்று மாலையே அவசரக் கூட்டம்.

"ஒருத்தர் போக ஆறு பேர் பாத்துக்கொண்டு நிக்கிறது ஒற்றுமைக்குக் கூடாது" என்றார் தலைவர். "போனால் எல்லாரும் போறது. இல்லாட்டில் ஆரும் போறேல்லை."

"வழிமொழிகிறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "அண்ணை, இது அநியாயம். இடம் குடுத்தது பாக்கோ. குடுத்தது கணேசனுக்கு. இதிலை எங்களுக்கு என்ன?" என்றேன்.

"பத்திரிகைத் தொடர்பாளருக்கு வாக்கு இல்லை. இரும்."

"சரி அண்ணை" என்றார் கணேசன். குசினிக்குப் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். அன்றைய கறிக்கு அவ்வளவு வெங்காயம் தேவையே இல்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் சங்கம் அமைப்போம். அது நடக்கவே கூடாது என்றாலும் சங்கம்தான் அமைப்போம். இரண்டுக்கும் ஒரே யாப்பு விதிகள், ஒரே தலைவர். நமக்குக் கிடைக்காதது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்குக் கிடைத்துவிட்டால் அதற்கு நாம் வைத்திருக்கும் மருந்தின் பெயர் ஒற்றுமை.

பாக்கோவிடம் கணேசன் தான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். பாக்கோவுக்குக் காரணம் புரியவில்லை. சங்கம், தீர்மானம், பதவி வழி... இதையெல்லாம் எந்த மொழியில் விளக்குவது? "சனிக்கிழமை காலை உன் வாசலால்தான் போவேன், சொல்லிக்கொண்டு போகிறேன்" என்றாராம் மனுஷன்.

இது தலைவர் காதுக்கு எட்டியது. "அப்ப வழியனுப்பு விழா வைக்கத்தான் வேணும். ஒரு மரியாதை இருக்கு" என்றார்.

பாருங்கள், ஊருக்குப் போக முடியாத ஆறு பேர், போகவிடாமல் நாங்களே மறித்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற ஒருவருக்கு விழா வைக்கிறோம். நிகழ்ச்சி நிரல் தயார். வரவேற்புரை தவம். தலைமையுரையும் வாழ்த்துரையும் தலைவர். நன்றியுரை கணேசன், நண்பர் என்ற முறையில்.

சனிக்கிழமை காலை நடைபாதையில் வரிசையாக நின்றோம். இரவு முழுக்கக் குடித்தவர்கள் வீட்டுக்குப் போகும் நேரம். அவர்களில் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டுச் சபையோராக நின்றுகொண்டார்கள். தலைவர் கோட் போட்டிருந்தார். கணேசன் வீட்டில் உடுக்கும் கட்டம் போட்ட சாரமும் சட்டையுமாக இறங்கி வந்தார். போகாதவனுக்கு என்ன அலங்காரம் என்று நினைத்திருப்பார்.

பாக்கோவின் கார் வந்தது. பின்பக்கம் தரையைத் தொடும் பாரம். கூரையில் போர்வை சுற்றிய ஒரு துணி துவைக்கும் மெஷின். முன்னால் பாக்கோவும் மனைவியும். பின்னால் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. அந்த இடைவெளியை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்க்காத மாதிரியும் நின்றோம்.

தவம் வரவேற்றான். தலைவர் தொடங்கினார். ஸ்பானிய தேசத்துக்கும் தமிழ் இனத்துக்கும் உள்ள தொன்மையான உறவு பற்றிப் பேசினார். தமிழில்தான். பாக்கோ என்ஜினை நிறுத்தவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருக்க வேண்டும்.

கூரைக் கயிறு ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. அதை இறுக்கக் கணேசன் காரின் மறுபக்கம் போனார். நான் ஓரத்தில் நின்றதால் எனக்கு மட்டும் அந்தப் பக்கம் தெரிந்தது. பாக்கோவின் மனைவி கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார். "கொம்" என்றார் பாக்கோ, திரும்பிப் பாராமல். வா என்று அர்த்தம்.

கணேசன் குனிந்து தன் சாரத்தைப் பார்த்தார். பிறகு கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் பாஸ்போர்ட்டின் விளிம்பு தெரிந்தது.

'சரி அண்ணை' என்று சொன்ன நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. வெங்காயம் வெட்டும்போதும்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைவர் பக்கம் திரும்பிப் பலமாகக் கை தட்டினேன். நான் தட்டியதும் தவம் தட்டினான். எல்லாரும் தட்டினார்கள். குடித்திருந்த இரண்டு பேரும் தட்டினார்கள். கதவு சாத்திய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார்.

"அடுத்ததாக, நன்றியுரை வழங்க நண்பர் கணேசன் அவர்களை..."

கார் முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தது.

தலைவர் நடைபாதை விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தார்.

"சாரத்தோடையோ போறான்?" என்றார். அது மட்டும்தான்.

பின்னேரமே அவசரக் கூட்டம். கணேசனை ஒன்றியத்திலிருந்து நீக்கத் தீர்மானம். வழிமொழிந்தது யாரென்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

புதன்கிழமை ஆட்டம். ரீவி பார்க்கப் போவதில்லை என்று சொன்ன தலைவர்தான் முதல் ஆளாக ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தார். கீழ் வீட்டு இத்தாலிக்காரரும் வந்திருந்தார். ஸ்பெயினோடு மோதியது ஹொண்டுராஸ். அப்படி ஒரு நாடு இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? கமெரா சனத்தின் பக்கம் திரும்பும் போதெல்லாம் ஆறு பேரும் கழுத்தை நீட்டினோம்.

"அந்தா, கட்டம் போட்ட சாரம்" என்றான் தவம்.

"அது பொம்பிளையின்ரை பாவாடை. இஞ்சாலை, கம்பத்துக்குக் கிட்டப் பார்" என்றார் தலைவர். கம்பத்துக்குக் கிட்ட இருந்தது யாரோ விரித்துப் பிடித்த மேசைத் துணி.

திடீரென்று அரங்கு முழுக்க ஊமையாகிவிட்டது. அந்தச் சின்ன ஹொண்டுராஸ் கோல் போட்டுவிட்டது! எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் சாரம் தேடிக்கொண்டிருந்தோம். பிறகு ஸ்பெயின் ஒன்று திருப்பிப் போட, ஆட்டம் சமமாக முடிந்தது.

இத்தாலிக்காரருக்கு விஷயம் விளங்கவில்லை. இவ்வளவு நேரமும் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சபாரத்தினம் அண்ணை எழுந்து நின்று, பல்லாயிரம் பேர் இருக்கும் அந்தத் திரை முழுவதையும் ஒரு விரலால் சுற்றிக் காட்டினார்.

"உன்ஸர் மான்" என்றார். எங்கள் ஆள் என்று பொருள். பிறகு தமிழில் எங்கள் பக்கம் திரும்பி, "எங்கட ஒன்றியம்தானே அனுப்பினது" என்றார்.

ஒருவரும் மறுக்கவில்லை. நானும்தான்.

எல்லாரும் எழும்பிப் போன பிறகு என்னிடம் கிட்ட வந்தார்.

"எல்லையிலை அவனை மறிக்க மாட்டினம்தானே?"

"மாட்டினம் அண்ணை. அவரிட்டை எல்லாம் இருக்கு."

"ம்." ரீவியை அணைத்தார். "எங்களிலை ஒருத்தனெண்டாலும் போயிட்டு வரட்டும்."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாளே பொதுக்கூட்டம். நீக்கிய தீர்மானம் நீக்கப்பட்டது. கணேசன் திரும்பி வரும் நாளில் ஒன்றியத்தின் சார்பில் மாபெரும் வரவேற்பு விழா. தலைமையுரை தலைவர், சிறப்புரை தலைவர், வாழ்த்துரை தலைவர்.

நன்றியுரையை மட்டும் இந்த முறை முதலிலேயே வைத்துவிட்டோம்.